விமானம் பறக்கலாம் என்று சொல்வது யார்? சிறிய விமானங்களின் பராமரிப்புச் சட்டம் உருவான கதை

நம்மில் ஒருவர் த்ரீவீல் ஒன்றோ மோட்டார் சைக்கிள் ஒன்றோ வைத்திருந்தால் வருடத்துக்கு ஒரு தடவை புகைப் பரிசோதனை செய்கிறோம், காப்புறுதி எடுக்கிறோம், பிரதேச செயலகத்தில் வரிசையில் நின்று வருமான அனுமதிப்பத்திரம் பெறுகிறோம். பிறகு அடுத்த வருடம் வரை அந்தப் பேச்சே கிடையாது. பிரேக் தேய்ந்திருக்கிறதா, டயர் மொட்டையா என்று நம்மிடம் யாரும் கேட்பதில்லை. வண்டி வழியில் நின்றால் ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு கராஜ் பாஸுக்கு கோல் எடுக்கிறோம்.

ஆகாயத்தில் ஓரம் என்று ஒன்று இல்லை. அப்படியானால் சொந்தமாக ஒரு சிறிய விமானம் வைத்திருப்பவர் என்ன செய்கிறார்? நமது நாட்டில் அப்படியானவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஆனால் அமெரிக்காவில் விமானக் கம்பனிகளுக்கும் இராணுவத்துக்கும் சொந்தமில்லாத விமானங்கள் மட்டும் சுமார் 2 இலட்சம். வைத்தியர், விவசாயி, சட்டத்தரணி, ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று எல்லோரும் வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஏராளமானவை 40, 50 வயதைத் தாண்டியவை. அந்த வயதுக் கார் நமது ஊரில் கல்யாண ஊர்வலத்துக்குத்தான் வெளியே வரும்.

இந்த விமானங்கள் பறக்கத் தகுதியானவையா என்று தீர்மானிக்கும் விதிகள் எங்கிருந்து வந்தன என்பதைத்தான் இன்று எழுதுகிறோம். பதிவு நீளமானது. ஆறுதலாக வாசியுங்கள். விபத்துகளைப் பற்றிப் பேசாமல் இந்த வரலாற்றைச் சொல்ல முடியாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

பறத்தல் என்றதும் நம்மவர்கள் குர்துபாவின் அப்பாஸ் இப்னு பிர்னாஸைப் பற்றிப் பதிவிடுவது வழக்கம். அவர் இறந்து சுமார் 750 வருடங்களின் பின்னர் எழுதிய அல்-மக்கரீ, இப்னு பிர்னாஸ் இறகுகளைக் கட்டிப் பறந்ததாகவும், இறங்கும்போது அடிபட்டதாகவும், காரணம் வால் ஒன்று வைக்காததே என்றும் குறிப்பிடுகிறார். இந்த வால் விஷயத்தை ஞாபகத்தில் வைத்திருங்கள். பின்னர் இன்னொரு வால் வரப்போகிறது.

ரைட் சகோதரர்கள் 1903 டிசம்பர் 17இல் பறந்தார்கள். ஐந்து வருடங்கள் கூட முழுமையாகக் கழியவில்லை, 1908 செப்டெம்பர் 17இல் வேர்ஜினியாவின் போர்ட் மயரில் ஓர்வில் ரைட் ஓட்டிய விமானம் விழுந்து, உடன் சென்ற தோமஸ் செல்பிரிட்ஜ் என்ற இராணுவ அதிகாரி உயிரிழந்தார். இயந்திர விமானத்தில் உயிரிழந்த முதல் மனிதர் அவர்தான். காரணம் பிளந்துபோன ஒரு விசிறி. ஓட்டியவரோ அந்தத் தொழிலையே கண்டுபிடித்தவர். திறமையான ஓட்டுநர் இருந்தால் போதும், இயந்திரம் தானாகச் சரியாக இருக்கும் என்ற எண்ணம் அன்றைக்கே பொய்த்துப் போனது. ஆனால் சட்டம் வர இன்னும் 18 வருடங்கள் பிடித்தன.

முதலாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க அரசு தன்னிடம் மிஞ்சியிருந்த பயிற்சி விமானங்களை மலிவு விலைக்கு விற்றுத் தள்ளியது. கேர்ட்டிஸ் ஜேஎன்-4, செல்லமாக ‘ஜெனி’. மரச்சட்டம், துணி, கம்பி. வாங்கியவர்கள் ஊர் ஊராகப் போய், வயல்வெளியில் இறங்கி, காசு வாங்கிக்கொண்டு சனங்களை ஏற்றிப் பறந்தார்கள். சிறகின் மேல் நடந்து வித்தை காட்டினார்கள். கிழிந்த துணியைத் தாங்களே தைத்துக்கொண்டார்கள். ஓட்டுவதற்கு மத்திய அரசின் அனுமதிப்பத்திரம் தேவையில்லை, திருத்துவதற்கும் தேவையில்லை. விமானம் நல்ல நிலையில் இருக்கிறது என்று சொல்ல எவருமே இல்லை. கார் ஓட்டுவதற்குச் சட்டம் இருந்த பல மாநிலங்களில் கூட, ஆயிரம் அடி உயரத்தில் அடுத்தவருடைய பிள்ளையை ஏற்றிச் செல்வதற்குச் சட்டம் இருக்கவில்லை.

1926 மே 20இல் ஜனாதிபதி கல்வின் கூலிஜ் விமான வர்த்தகச் சட்டத்தில் கையொப்பமிட்டார். ஆச்சரியம் என்னவென்றால், சட்டம் வேண்டும் என்று கேட்டவர்களில் விமானத் தொழிலில் இருந்தவர்களே முன்னின்றார்கள். மக்களுக்கு நம்பிக்கை வராவிட்டால் வியாபாரம் வளராது என்பது அவர்களுக்கு விளங்கியிருந்தது. வர்த்தகத் திணைக்களத்தின் கீழ் ஒரு விமானப் பிரிவு உருவானது. அதற்குத் தலைவராக வந்த வில்லியம் மெக்ராக்கன், முதலாம் இலக்க விமானி அனுமதிப்பத்திரத்தை ஓர்வில் ரைட்டுக்கு வழங்க முன்வந்தார். அப்போது பறப்பதை நிறுத்தியிருந்த ஓர்வில் வேண்டாம் என்றார். எனவே அது மெக்ராக்கனுக்கே கிடைத்தது.

1927இல் நடந்த இரண்டு விஷயங்கள் நமது கதைக்கு முக்கியமானவை. மார்ச் 29இல் பூல் எயார்ஸ்டர் என்ற விமானத்துக்கு முதலாவது ‘வகைச் சான்றிதழ்’ கிடைத்தது. ஒரு விமானத்தின் வரைபடம், அளவுகள், பொருட்கள், வலு ஆகியவற்றை அரசு பார்த்து, இந்த வகை விமானத்தை இப்படியே கட்டலாம் என்று ஒப்புக்கொள்வதுதான் அது. ஜூலை 1இல் முதலாவது விமான மெக்கானிக் அனுமதிப்பத்திரம் வழங்கப்பட்டது. கட்டுபவருக்கு ஒரு கடிவாளம், திருத்துபவருக்கு இன்னொரு கடிவாளம். ஜெனிகள் புதிய விதிகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் 1930 வாக்கில் ஏறக்குறைய காணாமல் போயின.

ஆனால் ஒரு முக்கியமான கேள்வியை அந்தச் சட்டம் தொடவில்லை. பார்க்க முடியாத இடத்தில் பழுது இருந்தால்?

1931 மார்ச் 31. கன்சாஸ் மாநிலத்தின் பசார் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் மூன்று எஞ்சின் பொக்கர் எப்-10 விமானம் ஒன்று சிறகு உடைந்து மேய்ச்சல் நிலத்தில் விழுந்தது. எட்டுப் பேரும் மரணம். அவர்களில் ஒருவர் நோட்ரடாம் பல்கலைக்கழகத்தின் உதைபந்தாட்டப் பயிற்றுநர் நூட் ரொக்னி. (அமெரிக்க உதைபந்தாட்டம், நாம் விளையாடுவது அல்ல.) அந்நாட்டில் அவரைத் தெரியாதவர் இல்லை. இது சிறிய விமானம் அல்ல, பயணிகள் விமானம். ஆனாலும் சிறிய விமானச் சொந்தக்காரர் ஒவ்வொருவரும் இன்றும் இதன் விளைவைச் சுமக்கிறார், அதனால் சற்று நின்று பார்ப்போம்.

பொக்கரின் சிறகு மரத்தால் ஆனது. உள்ளே மரச்சட்டங்கள், மேலே ஒட்டுப்பலகை, எல்லாம் பசையால் ஒட்டப்பட்டவை. ஈரம் உள்ளே புகுந்து பசை விட்டிருந்தது. வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும். உள்ளே பார்க்க வேண்டுமானால் பலகையை உரிக்க வேண்டும். பலகையை உரித்தால் சிறகு போய்விடும். அதாவது பரிசோதிக்க முடியாத ஒரு சிறகைக் கட்டி, அதைப் பரிசோதிக்க வேண்டும் என்று மெக்கானிக்கிடம் கொடுத்திருக்கிறார்கள்! அவர் எதைப் பார்த்துக் கையொப்பமிடுவார்?

விமானப் பிரிவு அதுவரை விபத்து விசாரணைகளின் முடிவுகளை வெளியே விடுவதில்லை. வளர்ந்து வரும் தொழிலைப் பயமுறுத்தக் கூடாது என்பது நியாயம். ரொக்னி இறந்ததும் பத்திரிகைகளும் மக்களும் விடவில்லை. மௌனம் கலைந்தது. மே மாதத்தில் அந்த வகைப் பொக்கர் விமானங்கள் சில பயணிகளை ஏற்றுவது நிறுத்தப்பட்டது. சிறகைத் திறந்து பார்க்க வேண்டும் என்று கட்டளை வந்தது. அப்படித் திறந்து பார்க்கும் செலவும் மக்களின் பயமும் சேர்ந்து மரச்சிறகின் காலத்தை முடித்தன. உலோக விமானங்கள் வந்தன. எட்டுப் பேரின் மரணத்திலிருந்து வந்த பாடம் இரண்டு: பரிசோதிக்கக்கூடிய மாதிரியில் கட்டு. ஒரு விமானத்தில் கண்ட குறையை அதே வகையைச் சேர்ந்த எல்லா விமானங்களிலும் தேடு.

அதே காலத்தில் பிரித்தானியாவிலும் இதுபோன்ற ஒரு கதை. டி ஹவிலண்ட் கம்பனியின் பஸ் மொத், தனியார் சொந்தமாக வைத்திருப்பதற்கென்றே வந்த அழகான மூடிய அறை விமானம். 1930 ஒக்டோபரில் மேற்கு அவுஸ்திரேலியாவில் ஒன்று ஆகாயத்திலேயே உடைந்தது. பிறகு இன்னொன்று, இன்னொன்று. ஒன்பது விமானங்கள் வரை இப்படிப் போயின. கொந்தளிப்பான காற்றில் சிறகைத் தாங்கும் முன்தண்டு பலவீனப்படுவது கண்டறியப்பட்டு, அதைப் பின்தண்டின் பிணைப்போடு இணைக்கும் ஒரு சின்னத் தாங்கு தண்டு பொருத்தப்பட்டது. ஒரு சின்னக் குழாய்த் துண்டு. அவ்வளவுதான் குறை.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், 1935 நவம்பர் 27இல் ரத்மலானையில் முதன்முதலில் இறங்கிய விமானம் ஒரு பஸ் மொத். சென்னைப் பறப்புக் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் ஓட்டி வந்தது. ரத்மலானையின் விமான வரலாறு தொடங்குவதே, சிறகு உடைந்து உடைந்து பாடம் படித்த ஒரு வகை விமானத்துடன்தான்.

1944 டிசம்பர் 7இல் சிகாகோவில் கையொப்பமான சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து உடன்படிக்கை, நாடு விட்டு நாடு செல்லும் ஒவ்வொரு விமானமும் தான் பதிவு செய்யப்பட்ட நாட்டின் பறக்கத்தகு சான்றிதழைக் கொண்டிருக்க வேண்டும் என்றது. 31ஆம் உறுப்புரை. இலங்கை 1948இல் அதில் இணைந்தது. 1950ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விமானப் போக்குவரத்துச் சட்டம் அதன் தொடர்ச்சி. இன்று ரத்மலானையில் பயிற்சிக்காக எழும்பும் ஒவ்வொரு செஸ்னாவிலும் இந்தச் சான்றிதழ் இருக்கும்.

இப்போது அந்தச் சான்றிதழின் உள்ளே போவோம். அமெரிக்க விதியில் ‘பறக்கத் தகுதி’ என்பதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, விமானம் பாதுகாப்பாகப் பறக்கும் நிலையில் இருக்க வேண்டும். இதை எல்லோரும் ஊகிப்போம். மற்றது, அது தனது அங்கீகரிக்கப்பட்ட வடிவமைப்புக்கு ஒத்திருக்க வேண்டும். இதைத்தான் புதிய சொந்தக்காரர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நமது ஊரில் வாகனத்துக்குப் பாகம் தேவைப்பட்டால் பஞ்சிகாவத்தைக்குப் போகிறோம். வேறு வாகனத்துக்குரியது பொருந்தினால் போட்டுவிடுகிறோம், ஓடுகிறது. விமானத்தில் அது நடக்காது. கார்க் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும் ஒரு மின்பிறப்பாக்கி பார்வைக்கு அச்சொட்டாக அதே மாதிரி இருக்கலாம், நன்றாக வேலையும் செய்யலாம். ஆனால் அங்கீகாரப் பத்திரம் இல்லாவிட்டால் விமானம் சட்டப்படி பறக்கத் தகுதி அற்றது. நல்ல நிலையில் இருந்தும் தகுதி இல்லை. சிரிப்பாகத் தோன்றும். ஆனால் எஞ்சினின் நடுக்கத்தையும் வெப்பத்தையும் அந்தப் பாகம் தாங்கும் என்று எவரும் சோதித்துப் பார்க்காத நிலையில், ‘அச்சொட்டாக அதே மாதிரி’ என்பது கண்ணுக்குத் தெரியும் சாட்சி மட்டும்தானே?

இன்னொரு விஷயமும் வியப்பானது. அமெரிக்காவில் ஒரு சாதாரண சிறிய விமானத்தின் பறக்கத்தகு சான்றிதழில் முடிவுத் திகதி இல்லை. ஒரு தடவை வழங்கினால், விதிப்படி பராமரிக்கும் வரை செல்லுபடியாகும். பராமரிப்புத் தவறினால் அந்தக் கணமே, எவரும் வந்து பறிக்காமலேயே, அது வெறும் காகிதம். இதற்கான முதற்பொறுப்பு யாருடையது? மெக்கானிக்குடையது அல்ல, அரசாங்கத்துடையதும் அல்ல. 91ஆம் பகுதி விதி தெளிவாகச் சொல்கிறது: சொந்தக்காரர், அல்லது அதை இயக்குபவர்.

விதிகளின் அடிப்படை இப்படி: ஒவ்வொரு 12 மாதங்களுக்கும் ஒரு முழுமையான வருடாந்தப் பரிசோதனை. இதைச் சாதாரண மெக்கானிக் முடித்துக் கையொப்பமிட முடியாது, அதற்கென மேலதிக அதிகாரம் பெற்றவர் வேண்டும். கூலிக்கு ஆட்களை ஏற்றினாலோ, பயிற்றுநர் தனது விமானத்தைக் கொடுத்துக் கூலிக்குக் கற்பித்தாலோ ஒவ்வொரு 100 மணித்தியாலப் பறப்புக்கும் இன்னொரு பரிசோதனை. பரிசோதனை நடக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்வதற்காக 10 மணித்தியாலம் வரை பிந்தலாம், ஆனால் பிந்தியது அடுத்த 100இல் கழியும். ஒப்படையைப் பிந்திக் கொண்டுவரும் மாணவருக்கு நாமும் இதையே செய்தால் என்ன என்று தோன்றுகிறது!

சொந்தக்காரரே செய்யக்கூடிய வேலைகளும் உண்டு. 43ஆம் பகுதியின் பின்னிணைப்பில் முப்பதுக்கும் மேற்பட்ட வேலைகள் இருக்கின்றன. டயர் மாற்றுதல், எஞ்சின் ஒயில் மாற்றுதல், ஸ்பார்க் பிளக் கழற்றித் துப்புரவாக்கி இடைவெளி பார்த்துப் பூட்டுதல், பற்றரி மாற்றுதல், இறங்கு விளக்கு மாற்றுதல் போன்றவை. விமானி அனுமதிப்பத்திரம் உள்ளவர், தான் வைத்திருக்கும் விமானத்தில் மட்டும் செய்யலாம். செய்துவிட்டு என்ன செய்தார், எந்தத் திகதி என்று லொக் புத்தகத்தில் எழுதி, கையொப்பமும் அனுமதிப்பத்திர இலக்கமும் இட வேண்டும். எழுதாவிட்டால் செய்யாதது போலத்தான். விமானம் விற்கும்போது அந்த லொக் புத்தகங்கள் தொலைந்திருந்தால் விலை படுத்துவிடும். வாங்க வருபவர் முதலில் கேட்பதே அதைத்தான்.

நேர்மையற்றவர்களும் இருக்கிறார்கள். ஒரு மூடியையும் கழற்றாமல், மேசையில் இருந்தபடியே ‘பரிசோதித்தேன், நல்ல நிலையில் உள்ளது’ என்று எழுதிக் கையொப்பமிடுபவர்கள். அமெரிக்க மெக்கானிக்குகள் இதைப் பென்சிலை வைத்துக் கேலியாகச் சொல்வார்கள். திறன்விருத்திப் பதிவேடுகளை வருட இறுதியில் ஒரே இரவில், ஒரே பேனையால் நிரப்பும் கலை நமது துறையினருக்கும் புதிதல்ல. ஆனால் இந்த வரலாற்றின் மிகக் கடினமான பகுதி நேர்மையற்றவர்களைப் பற்றியது அல்ல.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், வீடு திரும்பிய ஒவ்வொரு விமானியும் ஒரு விமானம் வாங்குவார் என்று கம்பனிகள் நம்பின. 1946இல் மட்டும் அமெரிக்காவில் 30,000க்கும் அதிகமான சிறிய விமானங்கள் கட்டப்பட்டன. அடுத்த வருடம் விற்பனைக்கு வந்தது பீச்கிராப்ட் பொனான்சா. நான்கு பேர் போகலாம், முழுவதும் உலோகம், சக்கரம் உள்ளே மடியும், மணிக்கு 170 மைல்களுக்கு மேல் பாயும். அதன் அடையாளம் வால். வழமையான மூன்று பலகைகளுக்குப் பதிலாக, ஆங்கில எழுத்து ‘வீ’ வடிவில் இரண்டே பலகைகள்.

நாம் முன்னர் சொன்ன இன்னொரு வால் இதுதான்.

வசதியானவர்கள் வாங்கினார்கள். வைத்தியர்கள் பலர் வாங்கினார்கள். வேகமான, வழுக்கலான விமானம். முகிலுக்குள் புகுந்து திசை தடுமாறினால் சில நொடிகளில் வேகம் எல்லை மீறும். அப்போது வால் உடையும், பின்னால் சிறகும் போகும். ‘வைத்தியர் கொல்லி’ என்ற பட்டப்பெயரே வந்துவிட்டது. 1959 பெப்ரவரி 3இல் பாடகர் படி ஹொலி இறந்ததும் ஒரு பொனான்சாவில்தான். ஆனால் அந்த விபத்தில் வாலுக்குப் பங்கில்லை, இருட்டிலும் பனியிலும் விமானி தடுமாறியதே காரணம். நியாயமாக இதைச் சொல்ல வேண்டும்.

விமானிகளே எல்லை மீறி ஓட்டுகிறார்கள் என்பதுதான் நீண்ட காலமாகக் கம்பனி சொன்ன பதில். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் சொந்தக்காரர்கள் ஒரு கேள்வியை விடாமல் கேட்டார்கள்: எல்லை மீறினால் மற்ற விமானங்களும் உடையத்தானே வேண்டும், ஏன் இது மட்டும் இவ்வளவு உடைகிறது? 1951இல் வந்த சீ-35 மொடலில் வால் பலகையை அகலமாக்கியிருந்தார்கள். முன்பக்கமாக நீட்டினார்கள். ஆனால் உள்ளே பாரத்தைத் தாங்கும் சட்டத்தை அது இருந்த இடத்திலேயே விட்டுவிட்டார்கள். முன்விளிம்பு தாங்கல் இல்லாமல் வெளியே நீண்டு நின்றது.

1980களில் அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களமும் விமானப் போக்குவரத்து நிர்வாகமும் காற்றுச் சுரங்கத்திலும் பறப்பிலும் சோதித்தன. சில நிலைமைகளில் அந்த வால், சான்றிதழ் விதிகள் கேட்கும் வலுவைக் கொண்டிருக்கவில்லை என்பது வெளிவந்தது. வாலின் அடியில் முன்விளிம்பைப் பிடித்துக்கொள்ளும் உலோகப் பட்டையொன்று பொருத்தும்படி கட்டளை வந்தது. அதன் பிறகு ஆகாயத்தில் உடையும் சம்பவங்கள் வெகுவாகக் குறைந்தன. 1951இலிருந்து எண்ணிப் பாருங்கள். மூன்று தசாப்தங்களுக்கும் மேல். இதற்கிடையே வருடாந்தப் பரிசோதனைகள் ஒழுங்காக நடந்தன, லொக் புத்தகங்கள் நிரம்பின, மெக்கானிக்குகள் மனச்சாட்சியோடு கையொப்பமிட்டார்கள். வகைச் சான்றிதழுக்கு ஒத்திருக்கிறதா? ஆம். குறை அந்தச் சான்றிதழுக்குள்ளேயே இருந்தது.

இப்படிப்பட்ட கட்டளைகளுக்கு ஆங்கிலத்தில் சுருக்கமாக ‘ஏடி’ என்கிறார்கள். 39ஆம் பகுதி விதி. ஒரு வகை விமானத்தில் ஆபத்தான குறை ஒன்று இருப்பதும், அதே வகையின் மற்றவற்றிலும் அது இருக்கவோ உருவாகவோ கூடும் என்பதும் தெரிந்தால் அரசு வெளியிடும் கட்டாயக் கட்டளை. இலக்கத்திலேயே பிறந்த திகதி இருக்கும்: முதலில் ஆண்டு, பிறகு அந்த ஆண்டின் எத்தனையாவது இரண்டு வாரக் காலப்பகுதி, பிறகு வரிசை இலக்கம். செஸ்னாக்களின் ஆசனம் எழும்பும்போது பின்னால் வழுக்கிச் செல்வதைத் தடுக்க, ஆசனத் தண்டவாளத்தையும் பூட்டு ஊசியையும் அளந்து பார்க்கும்படி 87-20-03 வந்தது. கேட்பதற்கு அற்பமான விஷயம். மூக்கு மேலே நிமிர்ந்து ஏறும் நேரத்தில் விமானி ஆசனத்தோடு பின்னால் போய், பிடித்திருந்த சுக்கானையும் தன்னோடு இழுத்தால் என்னவாகும் என்று யோசித்தால் அற்பம் தெரியாது.

கம்பனிகளின் பக்கத்திலும் ஒரு கணக்கு இருந்தது. பழைய விமானம் விழுந்தாலும் கட்டிய கம்பனி மீது வழக்கு. 1978இல் அமெரிக்கா 17,811 சிறிய விமானங்களை விற்றது, 1994இல் 928. பொருளாதாரமும் காரணம், ஆனால் வழக்குகளின் காப்புறுதிச் செலவு பெரிய சுமை என்று கம்பனிகள் வாதிட்டன. செஸ்னா 1986இல் தனது சிறிய பிஸ்டன் விமானங்களைக் கட்டுவதையே நிறுத்தியது. 1994 ஓகஸ்ட் 17இல் வந்த சட்டம் 18 வருடங்களுக்கு மேற்பட்ட விமானத்துக்காகக் கட்டியவர் மீது வழக்குத் தொடுப்பதைப் பெரும்பாலும் தடுத்தது. செஸ்னா திரும்பவும் கட்டத் தொடங்கியது. இதில் இழந்தவர் யார், வென்றவர் யார் என்று அங்கே இன்றும் வாதாடுகிறார்கள். நமக்குத் தெரிவது இது: விமானம் பழசாகப் பழசாக அதன் சுமை சொந்தக்காரரின் தோளுக்கே நகர்ந்தது.

பழசாவது என்றால் என்ன? கம்பித் துண்டொன்றை ஒரு தடவை வளைத்தால் உடையாது. வளைத்து வளைத்து நிமிர்த்தினால் உடையும். இதை உலோகக் களைப்பு என்கிறோம். 1954இல் பிரித்தானியாவின் கொமட் ஜெட் விமானங்கள் இரண்டு ஆகாயத்தில் சிதறியபோது உலகம் இந்தப் பெயரை அறிந்துகொண்டது. சிறிய விமானங்களில் இது பேசுபொருளாக இன்னும் காலம் எடுத்தது.

பைப்பர் பிஏ-28. செரோக்கி, வொரியர், ஆர்ச்சர், அரோ என்று பல பெயர்களில் வந்த தாழ்சிறகு விமானம். உலகம் முழுக்கப் பயிற்சிக்குப் பயன்படுகிறது. 1987 மார்ச் 30இல் டெக்சாஸின் மார்லின் அருகே ஒன்றின் சிறகு கழன்றது. குழாய்வழிகளைக் கண்காணிப்பதற்காகத் தாழ்வாகப் பறந்து திரிந்த விமானம் அது. சிறகை உடலோடு பிணைக்கும் பிரதான சட்டத்தில், ஆணித் துளை அருகே களைப்பு வெடிப்பு. உடனே ஏடி வந்தது: சிறகைக் கழற்றிப் பாருங்கள். நூற்றுக்கணக்கான விமானங்களில் பார்த்தார்கள், வெடிப்பு அகப்பட்டது மிகச் சிலவற்றில் மட்டுமே. செலவு பெரிது. சிறகைக் கழற்றிப் பூட்டுவதே புதிய சேதத்துக்கு வழிவகுக்கலாம். 1989இல் கட்டளை திரும்பப் பெறப்பட்டது.

இது பிழையான முடிவு என்று இன்று சொல்வது இலகு. அன்று அவர்கள் கையில் இருந்த தரவுகளை வைத்துப் பார்த்தால் நாமும் அதையே செய்திருப்போமோ என்னவோ.

2018 ஏப்ரல் 4. புளோரிடாவின் டேட்டோனா பீச். எம்ப்ரி-ரிடில் விமானவியல் பல்கலைக்கழகத்தின் பைப்பர் அரோ ஒன்று ஓடுபாதையைத் தொட்டுவிட்டு மீண்டும் மேலெழுந்தது. இடது சிறகு கழன்று விழுந்தது. விமானத்தில் இருந்த மாணவரும் அவரைப் பரீட்சிக்க வந்த பரீட்சகரும் அந்த இடத்திலேயே மரணம். விமானம் 2007இல் கட்டப்பட்டது. வெறும் 11 வயது. ஆனால் 7,690 மணித்தியாலம் பறந்திருந்தது.

விசாரணையில் கண்டது அதே சட்டம், ஆணித் துளையில் தொடங்கிய அதே களைப்பு வெடிப்பு. உடையாமல் இருந்த வலது சிறகிலும் வெடிப்பு இருந்தது. விமானம் விதிப்படி பராமரிக்கப்பட்டிருந்தது, 100 மணித்தியாலப் பரிசோதனைகள் நடந்திருந்தன. யாரும் பொய் எழுதவில்லை. வெடிப்பு துளையின் உட்சுவரில் இருந்தது. ஆணியைக் கழற்றாமல் எந்தக் கண்ணுக்கும் அது தெரியாது. கன்சாஸ் மேய்ச்சல் நிலத்தில் கிடந்த பொக்கர் சிறகு 87 வருடங்களின் பின்னர் உலோகமாக மாறி வந்தது போல.

அடுத்த கேள்வி, யாருடைய விமானத்தைத் திறப்பது? பல்லாயிரக்கணக்கான பைப்பர்கள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அமைதியாகப் பறக்கும் ஒருவரின் விமானமும், தினமும் பத்துத் தடவை தரையில் மோதி எழும்பும் பயிற்சி விமானமும் ஒன்றல்ல. எல்லாவற்றையும் திற என்றால் சொந்தக்காரர்கள் எதிர்க்கிறார்கள், அவர்கள் எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு விமானம் தனது வாழ்நாளில் எவ்வளவு கடுமையாக உழைத்தது என்பதை எப்படி அறிவது? இரண்டு, மூன்று கைமாறியிருக்கும். பழைய சொந்தக்காரர்கள் உயிரோடு இருக்கிறார்களோ தெரியாது.

பதில் லொக் புத்தகத்தில் இருந்தது. 100 மணித்தியாலப் பரிசோதனை கூலிக்கும் பயிற்சிக்கும் மட்டும்தானே கட்டாயம்? அப்படியானால் எத்தனை 100 மணித்தியாலப் பரிசோதனைகள் பதிவாகியிருக்கின்றன என்று எண்ணினால், அந்த விமானம் எத்தனை மணித்தியாலம் கடின உழைப்பில் இருந்தது என்று தெரியும். 2020-26-16 இலக்க ஏடி, 2021 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் கணக்கு இது: 100 மணித்தியாலப் பரிசோதனைகளின் எண்ணிக்கையை 100ஆல் பெருக்கு. மொத்தப் பறப்பு மணித்தியாலத்திலிருந்து அதைக் கழி. மீதியை 17ஆல் வகு. வந்ததை முதல் பெருக்கத்தோடு கூட்டு. விடை 5,000ஐத் தொட்டால் சிறகுச் சட்டத்தைச் சோதிக்க வேண்டும்.

கணிதம் கற்பிப்பவர்கள் இந்த உதாரணத்தை வகுப்பில் பாவிக்கலாம். 10,000 மணித்தியாலம் பறந்து, 30 தடவை மட்டும் 100 மணித்தியாலப் பரிசோதனை நடந்த விமானம்: 3,000 உடன் 7,000ஐ 17ஆல் வகுத்த 412. மொத்தம் 3,412. இப்போதைக்குத் தேவையில்லை. 7,690 மணித்தியாலம் பறந்து 76 பரிசோதனைகள் நடந்த விமானம்: 7,600 உடன் வெறும் 5. மொத்தம் 7,605. உடனே திற. பறந்த நேரம் குறைந்த விமானம்தான் களைத்த விமானம். என்றோ ஒருநாள் ஏதோ ஒரு மெக்கானிக் சலிப்போடு எழுதிய ஒரு வரிக்குப் பல வருடங்கள் கழித்து இப்படி ஒரு வேலை வந்தது. லொக் புத்தகம் தொலைந்தவருக்கு இந்தக் கழிவு கிடையாது.

சோதிப்பது எப்படி என்பதை உயர்தரத்தில் பௌதிகவியல் செய்தவர்கள் ஊகித்திருப்பீர்கள். சுழிமின்னோட்டம். இம்முறை சிறகைக் கழற்றத் தேவையில்லை. ஒவ்வொரு சிறகிலும் குறிப்பிட்ட இரண்டு ஆணிகளைக் கழற்றி, மெல்லிய ஒரு சோதனை முனையைத் துளைக்குள் விட்டுச் சுழற்றுகிறார்கள். மாறும் காந்தப்புலம் உலோகத்தில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. உட்சுவரில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் மின்னோட்டத்தின் பாதை குழம்பும், திரையில் கோடு துள்ளும். துள்ளினால் அந்தச் சட்டத்தோடு விமானம் பறக்காது. துள்ளாவிட்டால் ஆணியைப் பூட்டி, முடிவை அறிவித்து, திகதியிட்டு, லொக் புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிட வேண்டும்.